சரிவு மனையில் வீடு ஏன் அந்தரத்தில் தொங்குகிறது?

கேள்வி: கோத்தகிரியில் 40-க்கு 60 மனை வாங்கியிருக்கிறேன். ரோடு மேல்பக்கம், அங்கிருந்து பின் எல்லை வரை 12 அடி இறக்கம். ஸ்கெட்ச்அப் என்கிற 3டி வரைபட சாஃப்ட்வேரில் வீட்டை வரைந்து முடித்துவிட்டு, கூகுள் எர்த்தில் பார்த்த உயரங்களை வைத்துத் தரையைச் சரித்தேன். ஹாலுக்குள் மண் ஏறி நிற்கிறது, பின்பக்கப் படுக்கையறை அந்தரத்தில் தொங்குகிறது. எங்கே தப்பு?

பதில்: வரிசையில்தான் தப்பு. சமதரை என்று நினைத்து வீட்டை வரைந்துவிட்டு அப்புறம் மண்ணை இழுத்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் கணக்கையே பாருங்கள், 60 அடிக்கு 12 அடி என்றால் 20 சதவீதச் சரிவு, 36 அடி நீள வீடு என்று வைத்துக்கொண்டால் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் மண் 7 அடிக்கு மேல் இறங்கிவிடுகிறது.

கூகுள் எர்த்தை விடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், உங்கள் மனையின் நீளமோ 18 மீட்டர். மனை மொத்தமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்போது அதில் சரிவை எங்கே தேடுவது?

மேஸ்திரியிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) இருக்கும், ஒரு காலைப்பொழுது வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது, இருந்தால் அளவு பொய் சொல்லும். கேட் வரப்போகும் இடத்தில் ரோட்டு மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்து, 10 அடிக்கு ஒரு முளை அடித்தால் மொத்தம் 35 புள்ளி வரும். பழைய தேயிலை மேடு மாதிரி ஏதாவது செங்குத்தாக இறங்கினால் மேட்டின் தலையிலும் காலிலும் தனித்தனியாக அளவெடுங்கள். சாஃப்ட்வேருக்குக் கண் கிடையாது, நீங்கள் கொடுத்த புள்ளிகளின் மேல் துணியைப் போர்த்துகிற மாதிரி தரையைப் போர்த்தும், அவ்வளவுதான், நடுவில் புள்ளி இல்லையென்றால் செங்குத்து மேடு சாய்தளமாகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் என்றெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூஜ்யம், மைனஸ் 2, மைனஸ் 4 போதும்.

இந்த அளவுகளை வைத்து 2 அடிக்கு ஒரு சம உயரக் கோடு வரைந்து, ஒவ்வொன்றையும் அதன் உயரத்துக்கு நகர்த்திவிட்டு, ஸ்கெட்ச்அப்பின் தரை வரையும் கருவிகளான சேண்ட்பாக்ஸில் 'ஃப்ரம் காண்டூர்ஸ்' கொடுங்கள். வளைவுகளில் நேர்கோட்டுத் துண்டுகள் குறைவாக இருக்கட்டும். நான் முதல் தடவை வழவழவென்று வரைந்துவிட்டு, கம்ப்யூட்டர் உறைந்து நின்றதை டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். தரை வந்ததும் ஒரு நகல் எடுத்து ஒதுக்கி வையுங்கள், எங்கே வெட்டு, எங்கே நிரப்பு என்று ஒப்பிட அது வேண்டும். அப்புறம்தான் 'ஸ்டாம்ப்': வீட்டு அடித்தளத்தைத் தரைக்கு மேலே நிறுத்தி, சுற்றிலும் விட வேண்டிய அகலத்தைக் கொடுத்து, அடித்தளத்தையும் தரையையும் கிளிக் செய்து மேலும் கீழும் நகர்த்தினால் வீட்டுக்கான சமதளம் மண்ணில் பதியும். நடைபாதைக்கு 'ட்ரேப்', அது கோட்டைச் சரிவின் மேல் அப்படியே இறக்கிவிடும்.

ஆனால் 36 அடியையும் ஒரே மட்டமாக்காதீர்கள் என்பேன். பின்பாதியை 3 அடி இறக்கி வையுங்கள், நடுவில் 6 அங்குலப் படி ஆறு, வேலை முடிந்தது. மண் வெட்டுகிற செலவும் குறையும், நிரப்பு மண்ணின் மேல் சுவர் உட்கார்ந்து பிறகு விரிசல் விடுகிற பயமும் குறையும். ஒன்று மட்டும், ஜேசிபி கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தடுப்புச் சுவரை வெறும் கோடாகக் காட்டினால் போதாதா?

பதில்: போதாது. தடிமனோடு வரையுங்கள், மேல் மட்டம், கீழ் மட்டம் இரண்டையும் எழுதுங்கள். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப ஓர் அடியாவது விட்டு, தண்ணீர் வெளியேறும் துளைகளையும் குறியுங்கள். படத்தில் இல்லாததை மேஸ்திரி கட்டமாட்டார், ஐப்பசி மழையில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளும்போது அவர் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.