வீட்டுக்கு வந்ததும் மறுபடி இளைப்பு ஏன்?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது. 40 வருடம் பீடி குடித்தவர், இப்போதுதான் விட்டார். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, தீபாவளிக்குப் பிறகு மூன்று முறை மதுரையில் அட்மிட் செய்துவிட்டோம். நன்றாகத்தான் திரும்புகிறார், இருபது நாளில் மறுபடி இளைப்பு. ஏன் டாக்டர்?

பதில்: ஆஸ்பத்திரியில் தணிவது அப்போதைய இளைப்புதான். பீடிப்புகையில் சுருங்கிப்போன மூச்சுக்குழாய் அப்படியே இருக்கும். வார்டில் நர்ஸ் நேரத்துக்கு நெபுலைசர் வைப்பார். வீட்டில் அந்த வேலையை இன்ஹேலர்தான் செய்ய வேண்டும். அதனால் முதலில் ஒன்று செய்யுங்கள்: அப்பா மருந்து இழுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மேலூர்ப் பெரியவர் ஒருவர் இப்படித்தான் திரும்பத் திரும்ப வந்தார். இன்ஹேலர் மிஷினைக் காட்டச் சொன்னேன். பிரிக்காத அட்டைப்பெட்டியோடு எடுத்து வைத்தார். "மாத்திரையைத்தான் தினம் ரெண்டு வேளை தண்ணியில போட்டுக்கிறேனே!" மிஷினில் போட்டு இழுக்க வேண்டிய கேப்ஸ்யூலை விழுங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான்.

இப்படிக் கேப்ஸ்யூல் போட்டுப் பவுடரை இழுக்கும் ரோட்டாஹேலர் என்றால், மூச்சை முதலில் வெளியே விட வேண்டும், மிஷினுக்குள் ஊதக் கூடாது. ஈரம் பட்டால் பவுடர் கட்டிக்கொள்ளும். அப்புறம் உதட்டால் இறுக்கிப் பிடித்து, வேகமாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். பிறகு திறந்து பாருங்கள். பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இழுக்கவே தெம்பில்லை என்றால் ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து மெதுவாக இழுக்க விடும் குழாய்) வைத்த பம்ப் கேளுங்கள்.

நன்றாக இருக்கிறதே என்று இன்ஹேலரை நிறுத்துவது அடுத்த காரணம். பீடியை விட்டவர் விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், அதுவும் புகைதான். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். கால் வீங்கி, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இதயத்தையும் பார்க்க வேண்டும்.

சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, வழக்கத்தைவிட மூச்சு வாங்கினால் அன்றைக்கே காட்டுங்கள். அமாவாசை போகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, அரைத்தூக்கத்தில் குழறினாலோ உடனே 108. வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் நீங்களாகக் கூட்டி வைக்காதீர்கள். இந்த நோயில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (விரலில் மாட்டும் கருவி காட்டுவது) பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தாலே போதும். அதிகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

டிஸ்சார்ஜ் ஆன ஒரு மாதத்துக்குள், உடம்பு நன்றாக இருந்தாலும், ஒருமுறை போய்க் காட்டுங்கள்; தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையானாலும் சரி, நீங்கள் பார்க்கும் டாக்டரானாலும் சரி. போகும்போது மஞ்சப்பையில் சீட்டோடு அந்த மிஷினும் இருக்கட்டும்.