அப்பாவைக் கட்டிப்போட வேண்டாம், தங்கச்சி

கேள்வி: அக்கா, எங்க அப்பாவுக்கு 74 வயது. வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். டிமென்ஷியா, மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரத்திலிருந்து நடுராத்திரி எழுந்து, 'வலை எடுக்கணும், நேரமாச்சு' என்று கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார். தடுத்தால் கை ஓங்குகிறார். பகலில் நான் நண்டு கம்பெனிக்குப் போகிறேன். அண்ணன் விசைப்படகில் போகிறவர். ராத்திரி மட்டும் காலைக் கட்டிலோடு கட்டிவிடு என்கிறார்கள் பக்கத்து வீட்டார். என்ன செய்யட்டும்?
- வாசகி, பாம்பன்

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி. மண்டபம் பக்கம் செவிலியராக இருந்தபோது அப்படிக் கட்டிவைத்த பெரியவர்களின் கணுக்காலுக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன். எதற்காகக் கட்டினார்கள் என்பதே அவர்கள் நினைவில் நிற்காது. ஒவ்வொரு தடவை விழிக்கும்போதும் புதிதாகப் பயப்படுவார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேரின் உயிர் போனது. மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடுக்கிறது. சங்கிலியானாலும் கயிறானாலும் கட்டுண்ட ஆளுக்கு ஒன்றுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'போன வாரத்திலிருந்து' என்பது. டிமென்ஷியா பெரும்பாலும் மெதுவாக முற்றும் நோய். ஒரே வாரத்தில் ஆள் மாறினால் உடம்பில் வேறு ஏதோ இருக்கலாம். மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், சோடியம் குறைவது, தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறள்வது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவும் காரணமாகலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாகவும் கிருமி வெளிப்படும். தள்ளிப்போடாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், எப்போதிருந்து மாறினார் என்பதைச் சொல்லுங்கள். கடையில் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு பெரும்பாடு.

சரி, ராத்திரிக்கு வருவோம். ஆயுசு முழுக்க அந்த நேரத்தில் எழுந்து பழகிய உடம்பு அது. வாசலை மறித்து நின்று, 'உங்களுக்கு ஏதுப்பா வல்லம்?' என்று கேட்டால் கை ஓங்கத்தான் செய்வார். லைட்டைப் போடுங்கள். ஒன்றுக்குப் போகணுமா என்று கேளுங்கள், அவரை எழுப்பியது அதுவாகவும் இருக்கும். குடிக்க வெதுவெதுப்பாகப் பால் கொடுத்துவிட்டு, 'காத்து எப்படிப்பா இருக்கு, வாடையா கச்சானா?' என்று பேச்சுக்கொடுங்கள். ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் நின்று கன்னத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக் காற்றை வாங்கிவிட்டு, 'கச்சான் தூக்குது, இன்னைக்கு வலை போட முடியாது' என்று தானாகவே உள்ளே வந்து படுத்துக்கொண்டார். பேரன் பெயர் மறந்துபோனவர் அவர். எல்லா நாளும் இது பலிக்காது. பலிக்காத நாளில் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள்.

பகலில் கைக்கு வேலை இருந்தால் ராத்திரி கொஞ்சம் தூங்குவார். கிழிந்த வலைத் துண்டும் ஊசியும் நூலும் மடியில் கொடுங்கள். வலைக்கண் சின்னதும் பெரிதுமாக வந்தாலும் திருத்தாதீர்கள், அந்த வலை கடலுக்குப் போகப்போவதில்லை. நீங்கள் கம்பெனிக்குப் போகும் நேரத்தில் கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

அவர் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். கரையில் டீக்கடைக்காரருக்கும் வல்லத்துக்காரர்களுக்கும் விஷயம் தெரியட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரோடு தொழில் செய்தவர்கள்தானே. கடலில் இறங்கிவிட்டார் என்று தெரிந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. முதியோருக்கான உதவி எண் 14567, உங்களுக்கு யோசனை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

அப்புறம் உங்கள் அண்ணன். பகலெல்லாம் நண்டு உடைத்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்தால் நீங்கள் முதலில் விழுந்துவிடுவீர்கள். படகு போகாத நாட்களில் ராத்திரி முறை அவருடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். கேட்காமலே புரிந்துகொள்வார் என்று காத்திருக்காதீர்கள், இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.