கல்லும் கடப்பாரையும்

அன்புள்ள ஐயா,

சியாட்டில் பக்கம் பத்து வருடமாக இருக்கிறேன். உடன் வேலை செய்பவரின் அப்பா போன வருடம் தவறிவிட்டார். எரிக்கவில்லை, புதைக்கவில்லை. மக்க வைத்து மண்ணாகவே கொடுத்துவிட்டார்கள். வீட்டு மேப்பிள் மரத்தடியில் கொட்டியிருக்கிறார். இங்கே இதற்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கொண்டுவரச் சொல்லி நீங்கள் எழுதலாமே? நம் முன்னோர்களின் அறிவியலும் இதுதானே? சேலத்தில் இருக்கும் அம்மா வேறு, ‘என்னைக் கரண்டு அடுப்பில் வைக்காதே, சூடு தாங்காது’ என்கிறார்.

சு.

அன்புள்ள சு.,

‘சூடு தாங்காது’ என்பதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். ஏதோ ஞாபகம் வந்ததுபோல அதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். கடிதமே அதற்காகத்தானே?

முன்னோர் அறிவியலை விடுங்கள். சாதிக்கொரு சுடுகாடு வைத்ததும் அதே முன்னோர்தான். 2019இல் வாணியம்பாடிப் பக்கம் நிலத்து வழியே போக விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். இனி அந்தச் சொல்லை எனக்கு எழுதாதீர்கள்.

உங்கள் வாஷிங்டன் மாநிலச் சட்டம் 2019இல் வந்தது, 2020 மே முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் அதுதான் முதல் மாநிலம். உடலை ஒரு கலத்தில் கிடத்தி, மரச்சில்லும் வைக்கோலும் குதிரை மசாலும் போட்டு மூடுகிறார்கள். கறவை மாட்டுக்கு நாம் அறுத்துப் போடுகிற அதே குதிரை மசால். காற்று போகப் போக உள்ளே தானாகச் சூடு ஏறும். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நிற்க வேண்டும் என்பது விதி. (அம்மாவிடம் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.) எலும்பைப் பொடித்துச் சேர்க்கிறார்கள். கடைசியில் முக்கால் கன மீட்டர் மண். எருக்குழி இருந்த வீட்டில் பிறந்தவனுக்கு இதில் வாய்பிளக்க ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் புதைக்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? இடுகாடு என்று பதிவான இடத்தில் புதை, தோட்டத்தில் புதைக்காதே என்கிறது 1999ஆம் ஆண்டு ஊராட்சி விதி. பெட்டி இல்லாமல் துணியில் சுற்றி மண்ணில் இறக்குவதை நம் முஸ்லிம்களும் எத்தனையோ சாதிக்காரர்களும் இன்றைக்கும் செய்கிறார்கள். அதைக் கெடுத்தது சிமெண்ட்.

சிமெண்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அப்பா போனது 2009இல், தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரில். குழி வெட்ட வந்தவர் எடுத்ததும் வெட்டவில்லை. கடப்பாரையை அங்கங்கே குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் ‘ணங்’ என்றது, நகர்ந்தார். இன்னோரிடத்தில் சோற்றில் கரண்டி இறங்குவதுபோல இறங்கியது. “இங்க பதமா இருக்குது” என்றார். மூன்றடிக்குக் கீழே ஒரு எலும்பு வந்தது. மண்ணைத் தட்டி, தன் துண்டில் வைத்துக்கொண்டார். அப்பாவை இறக்குமுன் அதைக் கால்மாட்டில் திரும்ப வைத்தார். யாருடையது என்று கேட்டேன். “உங்க ஆளுங்கதான்.”

வருடம் திரும்பியதும் நாங்கள் மூன்று பேரும் காசு போட்டு நாலு பக்கமும் சிமெண்ட் கட்டி, மேலே கருங்கல் பதித்தோம். கல்லில் அப்பா கோட்டுப் போட்டுச் சிரிக்கிறார். உயிரோடு இருந்தவரை கோட்டைத் தொட்டதில்லை. அன்றைக்குக் கூலி வாங்க வந்த, குழி வெட்டிய அந்த மனிதர் கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“உங்கப்பாவுக்கு ஒருத்தரு எடம் உட்டாங்க சாமி. இவரு ஆருக்கு உடுவாரு?”

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது எங்கள் இடுகாட்டில் கல் இல்லாத இடம் வேலியோரம் மட்டும்தான் இருக்கிறது. இடமில்லை என்று ஊரே புலம்புகிறது, ஏரி புறம்போக்கில் இன்னொரு இடுகாடு கேட்டு மனு கொடுக்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் கருங்கல் வைத்தவர்கள். அமெரிக்க எந்திரத்துக்குச் சட்டம் கேட்கிற நீங்களும் நாளைக்கு அம்மாவுக்கு டைல்ஸ் ஒட்டமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

கார்பன் கணக்கெல்லாம் அனுப்பியிருந்தீர்கள். படிக்கவில்லை. இந்த வாரம் அம்மாவைக் கூப்பிட்டு எந்த இடுகாடு, யார் பக்கத்தில் என்று கேளுங்கள். சங்கடப்படமாட்டார். சொல்லக் காத்திருப்பார்.

எங்கள் கல்லைப் பெயர்க்கத் தை பிறந்ததும் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். அண்ணன் சரி என்றுவிட்டார். தம்பி இன்னும் போனை எடுக்கவில்லை.