விழுந்த பிறகு திரும்பவும் மோட்டார் சைக்கிள்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கராஜ் வைத்திருக்கிறார், ஓடவும் பழக்குகிறார். கேட்பவர்களுக்குப் பெயருக்குப் பதில் ஊர்.)

கொக்குவில்: அண்ணை, காறை எலும்பு உடைந்து ஆறு கிழமை. எப்ப ஓடலாம்?

எக்ஸ்ரே பார்த்த டொக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும். அவர் ஓம் என்ற பிறகு வண்டியை ஸ்டாண்டில் விட்டு ஏறி இருந்து, கிளச்சைத் திரும்பத் திரும்ப முழுதாகப் பிடித்து விடுங்கள். கை நடுங்கினால் இன்னும் பொறுங்கள். வலத் தோளுக்கு மேலால் பின்னால் பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால் வலப்பக்கம் திரும்பும்போது பின்னால் வரும் வான் தெரியாது. நித்திரை வரவைக்கும் வலிக்குளிசை போடுகிற நாளில் சாவியைத் தொட வேண்டாம்.

விழும்போது போட்டிருந்த ஹெல்மெட்டை எறியுங்கள்.

மானிப்பாய்: ஒரு கீறல்தான். அதற்கு எறிய வேண்டுமா?

ஓம். உள்ளே இருக்கும் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டை, நசிந்துதான் அடியை வாங்குகிறது. நசிந்தது திரும்ப எழும்பாது, வெளி ஓடு மட்டும் பளபளவென்று இருக்கும். நாடிப் பட்டியைக் கொளுவாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களுக்குப் புது ஹெல்மெட்டும் ஒன்றுதான், பழையதும் ஒன்றுதான்.

சாவகச்சேரி: இரவு ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்து விழுந்தேன். இப்ப அந்தக் கண்டி வீதியில் ஏறினாலே கை விறைக்கிறது.

ஏ9இல் தொடங்காதீர்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் வளைவில் வண்டி திரும்பாது. முழங்காலால் பெற்றோல் தாங்கியை அணைத்து, முழங்கையைத் தளர விடுங்கள். மாட்டையே பார்த்துக்கொண்டு போனால் மாட்டில்தான் போய் முடியும், போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள். முதலில் வெறும் மைதானம், பிறகு ஒழுங்கை. விழுந்த இடத்துக்குப் பகலில் ஒருவருக்குப் பின்னால் இருந்து போய் வாருங்கள். ஒரு மாதம் கடந்தும் கனவில் வந்து எழுப்பினால் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதில் என்ன வெட்கம்?

நல்லூர்: முன் பிறேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று அப்பா சொல்லுவார். பின் பிறேக் போதும்தானே?

போதாது. இந்தக் கதையால்தான் எனக்கு வேலை கிடைக்கிறது. பிறேக் பிடித்தவுடன் பாரம் முன்னுக்குப் போகும், பின் சில்லு இலேசாகும். அதை மட்டும் மிதித்தால் அது நின்றுபோய் வண்டி சறுக்கும். தூக்கி எறிவது முன் பிறேக் அல்ல, அதைத் திடீரென்று பறிப்பது. மெல்லத் தொடங்கி அழுத்திக்கொண்டு போங்கள், இரண்டையும் சேர்த்து.

கரவெட்டி: நான் முப்பது வருஷமாகப் பின் பிறேக்தான். ஒருநாளும் விழவில்லை.

ஐயா, உங்களைப் போன்றவர்களின் வண்டிகளைத் தினமும் கழற்றுகிறேன். பின் பிறேக் சூ இரும்பு தெரியத் தேய்ந்திருக்கும். முன் கேபிள் துருப்பிடித்து, லீவரை அமத்தினால் திரும்பி வராது. அவசரத்துக்கு அதைப் பிடித்தால் என்ன நடக்கும்?

கரவெட்டி: மணலில் பிடித்தால்?

மணலில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஒழுங்கை வாயில் கிடக்கும் மணலில், வண்டி சரிந்திருக்கும்போது முன் பிறேக்கைத் தொட்டால் சறுக்கும். அதனால் மணலுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கையில் வேகத்தைக் குறைக்க வேண்டும். தார் றோட்டில் நாய் குறுக்கே வந்தால் பின் பிறேக் மட்டும் காப்பாற்றாது.

உரும்பிராய்: அண்ணை, எனக்கு ஸ்கூட்டி.

தங்கச்சி, இரண்டு பிறேக்கும் கையில்தான், இரண்டையும் பிடியுங்கள். சில ஸ்கூட்டர்களில் இடக்கைப் பிறேக் இரண்டு சில்லையும் பிடிக்கும். உங்களுடையது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பாய்: கால் முறிந்தது. எப்ப ஓடலாம்?

முதல் பதிலைப் பாருங்கள். உங்களுக்குக் கிளச்சோடு கால் பிறேக்கையும் மிதித்துப் பார்க்க வேண்டும்.

பருத்தித்துறை: விழுந்த பிறகு ஹாண்டில் ஒரு பக்கம் கோணல்.

முன்னால் நின்று பாருங்கள். முன் சில்லைப் பிடித்திருக்கும் போர்க் முறுகியிருந்தால் போல்ட் தளர்த்தி நேராக்கலாம், அதன் குழாய் வளைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதுவரை ஓட வேண்டாம்.

சுன்னாகம்: மூன்றாம் ஆள் காப்புறுதி மட்டும்தான் இருக்கிறது. திருத்தக் காசு தருவார்களா?

உங்கள் வண்டிக்குத் தரமாட்டார்கள். மிச்சத்தை அவர்களிடமே கேளுங்கள்.

சங்கானை: எப்ப ஓடலாம்?

மேலே. ஹெல்மெட்டும் மேலே.

கரவெட்டி: சரி, மைதானத்தில் சோதித்துப் பார்ப்பமா?

வாருங்கள் ஐயா. ஒரே வேகத்தில் வந்து ஒருமுறை பின் பிறேக், ஒருமுறை இரண்டும். நின்ற இடங்களில் கல் வைப்போம். முதலில் கராஜுக்கு வந்து அந்த முன் கேபிளை மாற்றுங்கள்.