செக் டிஸ்க் கைவிட்ட ஹார்டு டிஸ்க்

கேள்வி: என் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கைச் செருகினால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கிறது. விண்டோஸின் செக் டிஸ்க் ஓட்டினால் ‘ரா டிரைவ்’ (கோப்பு அமைப்பை அடையாளம் காண முடியாத டிரைவ்) என்று சொல்லி நின்றுவிடுகிறது. உள்ளே தங்கையின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. மீட்க முடியுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: ஃபார்மேட் வேண்டவே வேண்டாம். செக் டிஸ்கையும் விட்டுவிடுங்கள். அது கோப்பு அட்டவணையைச் சீராக்கும் கருவி, படங்களைக் காக்கும் கருவி அல்ல.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கடலோர உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை அரிக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பச்சைப் பூப்பு தெரியும். பிறகு டிஸ்கின் உடல்நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ‘சி5’, ‘சி6’ வரிகளைப் பாருங்கள். அங்கே ‘ரா வேல்யூஸ்’ கட்டத்தில் பூஜ்யம் இல்லையென்றால், டிஸ்கின் உள்ளே சுழலும் தட்டில் படிக்க முடியாத செக்டர்கள் (தகவல் பதியும் சிறு பகுதிகள்) உள்ளன. ‘சி7’ மட்டும் ஏறினால் பெரும்பாலும் இணைப்புக் கோளாறுதான்.

செக்டர் கெட்டிருந்தால், பழைய டிஸ்கைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். 2 டிபி நல்லது. லினக்ஸ் இயங்குதளம் உள்ள பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவியால் முழுப் பிரதி எடுங்கள். இது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பையும் கட்டளையில் கொடுக்க மறக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் மூல டிஸ்க் முதலில், புதியது அடுத்து. இடம் மாறினால் படங்கள் அழிந்துவிடும், இருமுறை சரிபாருங்கள்.

அடுத்து, தொலைந்த பார்ட்டிஷனை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளைப் பிரதியில் மட்டும் ஓட்டுங்கள். அதுவும் தோற்றால், கோப்புகளை நேரடியாகத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக்; படங்கள் வரும், கோப்புப் பெயர்கள் வராது.

டிஸ்கில் ‘டிக், டிக்’ சத்தம் கேட்டால் இவை எதுவும் வேண்டாம். உடனே பிடுங்கிவிட்டு, தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்குக் கொடுங்கள்.