எட்டு நிமிடமும் இருபது நிமிடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்துக் குத்துச்சண்டை வீராங்கனை கேட்டி டெய்லரைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி மனசில் கிடக்கிறது. ஐந்து முறை உலக சாம்பியன், ஒலிம்பிக் தங்கம். அப்படிப்பட்டவர் 30 வயதில் எதற்காகக் காசுக்குச் சண்டை போடப் போனார்? புரொபஷனல் பாக்சிங் என்றாலே புரமோட்டர், டிவி, நாலு வகை பெல்ட். அமெச்சூரில் இருந்த தூய்மை அங்கே இல்லை. டெல்ஃபின் பெர்சூனோடு நடந்த சண்டையைப் பார்த்த பிறகு அவர் மேல் எனக்கிருந்த மரியாதை குறைந்துவிட்டது. என் மகளுக்கு 14 வயது, இரண்டு வருடமாகப் பயிற்சிக்குப் போகிறாள், டெய்லர் மாதிரி ஆக வேண்டும் என்கிறாள். அவளிடம் என்ன சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெர்சூனிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தச் சண்டையைப் பொறுத்தவரை நானும் உங்கள் பக்கம்தான். 2019 ஜூன் 1, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன். பெல்ஜியத்தில் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே சண்டைக்கு வந்த பெர்சூன் பத்து சுற்றும் விடாமல் முன்னேறி வந்துகொண்டே இருந்தார், கடைசிச் சுற்றில் டெய்லர் திணறியதை எல்லாரும் பார்த்தோம். இரண்டு நடுவர்கள் 96-94 என்று டெய்லருக்குக் கொடுத்தார்கள், மூன்றாமவர் 95-95. நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கில் பெர்சூன் ஒரு சுற்று முன்னால் இருந்தார், திரும்பப் பார்த்தபோதும் அது மாறவில்லை. ஆனால் நடுவர்கள் போட்ட மதிப்பெண்ணுக்கு டெய்லரிடம் கோபித்துக்கொள்வது நியாயமில்லை. அவர் கையில் இருந்தது அதற்கப்புறம் என்ன செய்வது என்பது மட்டும்தான். பெர்சூனைத் தவிர்த்துவிட்டு வேறு ஆளைத் தேடியிருக்கலாம். 2020 ஆகஸ்டில் அவரோடேயே மறுபடி ஏறினார், இந்த முறை மூன்று நடுவர்களும் டெய்லருக்குக் கொடுத்தார்கள். 2023 மே மாதம் டப்ளினில், சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால், தன் வழக்கமான எடையைவிட ஒரு பிரிவு மேலே போய் ஷான்டெல் கேமரானிடம் தோற்றார், புரொபஷனலில் முதல் தோல்வி. நவம்பரில் அதே ஊர், அதே எடை, அதே ஆள். அதில் ஜெயித்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இரண்டு மறு சண்டைகளால்தான்.

சரி, தூய்மைக்கு வருவோம். டெய்லர் சிறுமியாக இருந்தபோது அயர்லாந்தில் பெண்களுக்கு அமெச்சூர் போட்டி என்று ஒன்றே கிடையாது. ஹெட்கார்டு என்ற தலைக்கவசத்துக்குள் முடியைச் செருகிக்கொண்டு, 'கே. டெய்லர்' என்று பெயர் கொடுத்து, பையன்களோடு சண்டை போட்டார். அவருக்கு முந்தைய தலைமுறையில் டியர்ட்ரா கோகார்ட்டி என்ற அயர்லாந்துப் பெண்ணுக்கு ஊரில் ஏற மேடையே கிடைக்காமல் அமெரிக்காவில் லூசியானா வரைக்கும் போக வேண்டியிருந்தது. அயர்லாந்தில் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்ட முதல் பெண்கள் குத்துச்சண்டை 2001 அக்டோபர் 31 அன்று டப்ளினில் நடந்தது. அதில் ஏறி ஜெயித்தவர் 15 வயது டெய்லர். அதற்குப் பிறகும் ஒலிம்பிக் கதவு மூடியே இருந்தது. 2008 பெய்ஜிங்கில் பெண்கள் பாக்சிங்கைச் சேர்க்க மறுத்தார்கள், 2009இல்தான் சம்மதித்தார்கள், அதுவும் மூன்றே எடைப் பிரிவுகள். நம் மேரி கோம் தன் 48 கிலோவை விட்டு 51 கிலோவுக்கு ஏறி 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது அதனால்தான். இவ்வளவு காலம் பெண்களை வெளியே நிறுத்தி வைத்தது காசு பேசிய புரமோட்டர்கள் இல்லை, அமெச்சூர் அமைப்புகள்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை முடிவுகளில் தில்லுமுல்லு செய்ய ஓர் ஏற்பாடே இருந்தது என்று 2021இல் வெளிவந்த மெக்லாரன் விசாரணை அறிக்கை சொன்னது. டெய்லர் அங்கே காலிறுதியில் பின்லாந்தின் மிரா பொட்கோனனிடம் தோற்றார்; அந்தத் தோல்வியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அமெச்சூர் என்ற சொல்லிலேயே தூய்மை இருப்பதாக நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்படியானால் 30 வயதில் ஏன் போனார்? பணம் ஒரு காரணம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரியோவுக்கு முந்தைய காலத்தையும் பாருங்கள். சிறுவயதிலிருந்து பயிற்சி கொடுத்த அப்பா பீட் டெய்லர் 2015இல் பயிற்சியை விட்டு விலகிவிட்டார், 2016இல் ரியோவுக்கு முன்பே இரண்டு முக்கியமான தோல்விகள், பிறகு ரியோவும் போயிற்று. பத்து வருடம் தோல்வியே அபூர்வம் என்றிருந்தவருக்கு ஒரே வருடத்தில் மூன்று. அதே வருடம் நவம்பர் 26 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் முதல் புரொபஷனல் சண்டை. அமெரிக்காவில் கனெக்டிகட்டுக்குப் போய் ராஸ் எனமெய்ட் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதலிலிருந்து என்று சும்மா சொல்லவில்லை. டெய்லர் தங்கம் வென்ற லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டி இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு, மொத்தம் எட்டு நிமிடம். அங்கே அப்போது குத்துகளை எண்ணித்தான் புள்ளி, முன்கையால் நேராகப் போடும் லேசான ஜாபும் ஒன்றுதான், ஆளைச் சாய்க்கும் அடியும் ஒன்றுதான். ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவா இடக்கைக்காரர், பொறுமைசாலி, எதிராளி வரட்டும் என்று காத்திருந்து அடிப்பவர். இரண்டு சுற்று முடிந்தபோது டெய்லர் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார். மூன்றாவது சுற்றை 4-1 என்று எடுத்தார். கடைசியில் 10-8. அந்தச் சண்டையில் அவர் உள்ளே போவதும் தொடுவதும் வெளியே வருவதும் கண்ணுக்கே பிடிபடாது. அந்த வேகத்தை எட்டு நிமிடம் தக்கவைக்கலாம். புரொபஷனலில் உலகப் பட்டச் சண்டை பத்து சுற்று, இருபது நிமிடம், கையுறை மெல்லியது, ஹெட்கார்டு கிடையாது. தொட்டுவிட்டு ஓடுகிற கால்கள் ஏழாவது சுற்றில் கனக்கும், அப்போது நின்று அடி வாங்கி அடி கொடுக்கத் தெரிந்தாக வேண்டும்.

2022 ஏப்ரல் 30, அதே மேடிசன் ஸ்குவேர் கார்டன், எதிரே போர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செர்ரானோ. அந்த அரங்கத்தில் பெண்கள் சண்டை முதன்மைச் சண்டையாக நடந்தது அன்றுதான் முதல் தடவை, அரங்கம் நிறைந்திருந்தது, இருவருக்கும் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் என்று செய்தி வந்தது. ஐந்தாவது சுற்றில் செர்ரானோவின் இடது கைக் குத்துகள் டெய்லர் மேல் சரியாக விழுந்தன. மூக்கிலிருந்து ரத்தம், கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இன்னும் இருபது விநாடி இருந்தால் நடுவர் நிறுத்தியிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். டெய்லர் மணி அடிக்கும்வரை நின்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டையைத் திரும்ப இழுத்தார், பின்பாதிச் சுற்றுகளில் பழைய லண்டன் கால்கள் திரும்பி வந்தன, பத்தாவதில் இருவரும் எந்தக் கணக்கும் இல்லாமல் அடித்துக்கொண்டார்கள். இரண்டு நடுவர்கள் டெய்லருக்கு, ஒருவர் செர்ரானோவுக்கு. அமெச்சூர் டெய்லரிடம் அந்த ஐந்தாவது சுற்று இருந்திருக்கவே முடியாது, அப்படி ஒன்று வருவதற்குள் எட்டு நிமிடம் முடிந்துவிடும். அவர் எதைத் தேடிப் போனார் என்று கேட்டீர்களே, என் பதில் அந்தச் சுற்றுதான்.

அவர் எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் செர்ரானோவோடு நடந்த இரண்டாவது சண்டையில் தலை மோதி செர்ரானோவின் கண் மேல் ஆழமான வெட்டு, அதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளியும் போயிற்று. மூன்று நடுவர்களும் 95-94 என்று டெய்லருக்கே கொடுத்தார்கள், கூட்டம் கத்தித் தீர்த்தது. எனக்கும் அந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. 2025 ஜூலையில் நடந்த மூன்றாவதில் விலகி நின்று, ஆசைப்பட்டு உள்ளே போகாமல், நிதானமாக ஜெயித்தார். ரசிகர்களுக்கு அது சுவாரசியமாக இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். டெய்லரின் முதல் உலகப் பட்டம் 2006இல் டெல்லியில் வாங்கியது. அதே போட்டியில் 52 கிலோவில் தங்கம் வென்றவர் மணிப்பூரின் சரிதா தேவி. அவரும் டெய்லருக்கு இரண்டு மாதம் கழித்து, 2017 ஜனவரியில், இம்பாலில் புரொபஷனலாக ஏறி ஜெயித்தார். ஆனால் அடுத்தடுத்துச் சண்டைகள் ஏற்பாடு செய்யவும் ஒளிபரப்பவும் அங்கே போல இங்கே ஆட்கள் இல்லை. அவர் அமெச்சூருக்கே திரும்பி வந்தார். திறமை மட்டும் போதாது, மேடை போட ஆள் வேண்டும். ஆகவே இப்போதைக்கு அந்தக் கேள்வியையே எடுக்காதீர்கள். 14 வயதில் கற்றுக்கொள்ள வேண்டியது எட்டு நிமிடத்து வேலைதான், கால், தூரம், ஜாப். டெய்லரே அதைப் பதினைந்து வருடம் செய்தார். லண்டன் இறுதிப் போட்டியை அவளோடு உட்கார்ந்து பாருங்கள், குறிப்பாக மூன்றாவது சுற்றை, சத்தத்தை நிறுத்திவிட்டு கால்களை மட்டும். அப்புறம் ஒன்று, ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் ஹெட்கார்டு இல்லாமல் அவளை ஏற விடாதீர்கள், புரொபஷனல்கள் போடுவதில்லையே என்று அவள் சொன்னாலும். பயிற்சியில் அவர்களும் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.