இருபதாம் பக்கத்தில் மூடிய புத்தகம்

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறேழு வருடங்களாக நான் விரும்பிப் படிப்பது 'யங் அடல்ட்' என்று சொல்லப்படும் இளையோர் நாவல்களைத்தான். பெரியவர்களுக்கான நாவல்களில் கிடைக்காத வேகமும் நேர்மையும் இவற்றில் கிடைக்கின்றன. "மகளோட புத்தகத்தை எப்போ திருப்பிக் கொடுக்கப்போற?" என்று கணவர் கேலி செய்கிறார். அலுவலகத்தில் அட்டையின் மேல் பழுப்புத்தாள் போட்டுத்தான் படிக்கிறேன். இது என் வயதுக்கு ஒவ்வாத ரசனையா?

என் உண்மையான வருத்தம் வேறு. 15 வயது மகளுக்கு இந்த இரண்டு வருடத்தில் 11 நாவல்கள் தேடித் தேடிக் கொடுத்தேன். தாய்-மகள் உறவு, கூடாத சகவாசம், படிப்பின் அழுத்தம் என்று அவளுக்குப் பயன்படக்கூடியவை. ஒன்றைக்கூட அவள் முடிக்கவில்லை. ஆனால் என் நாத்தனார் கொடுக்கும் துப்பறியும் கதைகளை விடிய விடியப் படிக்கிறாள். இருவரும் போனில் அதைப் பற்றியே பேசிச் சிரிக்கிறார்கள். (மகளும் 13 வயதில் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தாள். டிராகன், மந்திரவாதி என்று போனது. 20 பக்கத்துக்கு மேல் நகரவில்லை. மனம் நோகக்கூடாதே என்று "படிச்சேன், நல்லா இருந்தது" என்றேன். "அண்ணன் அப்படிச் செஞ்சது சரியாம்மா?" என்று கேட்டாள். "சரிதான்" என்றேன். "ம்" என்று போய்விட்டாள். அதன் பிறகு கதை பேசும் ஆர்வமே அவளுக்குக் குறைந்துவிட்டது.) அவள் தட்டாமல் படிக்கும்படியான பத்து நாவல்களைச் சொல்ல முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

பத்து நாவல் கிடையாது. ஒன்றுதான். அதுவும் உங்கள் வீட்டிலேயே எங்கோ கிடக்கிறது.

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. 2012-ல் அமெரிக்காவில் பௌக்கர் என்ற புத்தகச் சந்தை ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கெடுத்தது. 12 முதல் 17 வயதினருக்கு என்று பதிப்பாளர்கள் வெளியிடும் புத்தகங்களை வாங்குவோரில் 55 சதவீதம் பேர் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அதில் பெரிய கூட்டம் 30-லிருந்து 44 வயது வரை உள்ளவர்கள். பிள்ளைகளுக்காக வாங்கினார்களோ என்றால் அதுவும் இல்லை. நூற்றுக்கு 78 தடவை, தாங்களே படிக்கத்தான் வாங்கியதாகச் சொன்னார்கள். 'இளையோர்' என்பது பதிப்பாளர் ஒட்டும் சீட்டு. மார்கஸ் ஸூஸாக்கின் 'தி புக் தீஃப்' ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. அதே நாவல் அமெரிக்காவில் இளையோர் நாவலாக வந்தது. கடல் தாண்டியதில் அதற்கு வயது குறைந்துவிட்டது. உங்கள் கணவரின் கேலிக்கு இவ்வளவு பதில் போதும்.

ஆனால் அந்தப் பழுப்புத்தாளைக் கழற்றிவிடுங்கள். வெளியில் ஒளித்துப் படிக்கும் ஒன்றை வீட்டில் மகளிடம் நீட்டி, "நல்ல புத்தகம், படி" என்கிறீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இது கண்ணில் படாதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். முக்கியமில்லை என்று நினைப்பதைத்தான் மனிதர்கள் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். வருடக்கணக்கில் கடிதம் படித்துப் படித்து, எனக்கு முதலில் அடைப்புக்குறியைப் படிக்கும் பழக்கமே வந்துவிட்டது. நாத்தனாருக்கு மூன்று வரி, கணவருக்கு இரண்டு வரி, பதினோரு நாவலுக்கும் கணக்கு எழுதிய நீங்கள், மகள் கொடுத்த ஒரே புத்தகத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். அதன் பெயரைக்கூட எழுதவில்லை.

ஒரு பதிமூன்று வயதுப் பெண் தன் அம்மாவிடம் புத்தகம் கொடுப்பது லேசான காரியமா? கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பாள். டிராகன் என்றதும் அம்மா முகம் சுளிப்பாளோ என்று பயந்திருப்பாள். கொடுத்த பிறகு, நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்திருப்பாள். இருபதாம் பக்கத்தில் நின்ற அடையாளத்தாள் இருபதாம் பக்கத்திலேயே நின்றதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அவள் கவனித்திருப்பாள். அதனால்தான் அந்தக் கேள்வியே வந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "அண்ணன் அப்படிச் செஞ்சது சரியாம்மா?" கதை பிடித்ததா என்று கேட்கவில்லை. டிராகன் எப்படி என்று கேட்கவில்லை. ஒருவன் செய்த காரியம் சரியா, தவறா என்று கேட்டாள். பிள்ளைகள் எங்களிடம் மனம் விட்டுப் பேசுவதில்லை என்று எனக்கு எழுதும் அம்மாக்களுக்கு அளவில்லை. உங்களிடம் ஒருத்தி தானாக வந்து, அறம் எது என்று கேட்டு நின்றாள். நீங்கள் "சரிதான்" என்றீர்கள்.

எது சரி? அந்த அண்ணன் என்ன செய்தான்? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தம்பியைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தானா, தம்பியைக் காட்டிக் கொடுத்தானா, ஊரைக் கொளுத்தினானா? எதுவாக இருந்தாலும் சரிதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த "ம்" இருக்கிறதே, அதற்குப் பெயர் ஆர்வக்குறைவு இல்லை. உங்கள் சொல்லுக்கு அன்று அவள் ஒரு மதிப்புப் போட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் கொடுத்த பதினோரு புத்தகத்தோடும் "ரொம்ப நல்லா இருக்கு, படி" என்ற அதே வாய்ச்சொல்தானே வந்தது? படித்துவிட்டுத்தான் சொல்கிறீர்கள் என்று அவள் எதை வைத்து நம்புவாள்?

மனம் நோகக்கூடாது என்று சொன்னேன் என்பீர்கள். நோகட்டுமே. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பிள்ளைக்கு ஒரு மாலை முழுக்கக் கோபம் இருக்கும். என் மகன் பதிமூன்று வயதில் ஒரு விண்வெளிக் கதையைக் கொண்டுவந்து கொடுத்தான். முக்கால்வாசிப் பக்கம் இயந்திரங்களின் பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மாதத்தில் முடித்து, எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த பாகத்தைக் கொண்டுவந்து, "இது வேற மாதிரி, இதைப் படிச்சிட்டுச் சொல்லு" என்றான். அதுவும் பிடிக்கவில்லை. நாற்பது வயதாகியும் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், படுபாவி.

பாதியில் விட்டதற்காக நான் உங்களைத் திட்டவில்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் டானியல் பென்னாக், 1992-ல் வாசகரின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். படிக்காமல் இருக்கலாம், பக்கங்களைத் தாண்டலாம், முடிக்காமல் விடலாம்: முதல் மூன்றுமே விடுவதற்கான உரிமைகள். படிக்காததைப் படித்தேன் என்று சொல்லும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாவது உரிமை, படித்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பது. இரண்டு வருடமாக உங்கள் மகள் உங்களிடம் காட்டுவது அந்தப் பத்தாவதைத்தான். அத்தையிடம் அவளுக்கு அது தேவைப்படவில்லை.

அந்தப் பதினோரு நாவல்கள் விஷயத்தையும் கொஞ்சம் பார்ப்போம். "அவளுக்குப் பயன்படக்கூடியவை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கென்று எடுக்கும்போது வேகத்துக்கும் நேர்மைக்கும் எடுக்கிறீர்கள். மகளுக்கு எடுக்கும்போது மட்டும் மருந்துச்சீட்டு எழுதுகிறீர்கள். கூடாத சகவாசம் பற்றி ஒரு நாவலை நீட்டினால், உன் தோழிகளை எனக்குப் பிடிக்கவில்லை என்று அட்டைபோட்டுச் சொல்வதாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். சொல்ல வேண்டியது இருந்தால் வாயால் சொல்லுங்கள். அது அம்மாவின் கடமை. அதை நாவலாசிரியர் தலையில் கட்டாதீர்கள்.

ஆறேழு வருடமாக இந்த வகையைப் படிப்பவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த நாவல்களில் பெரும்பாலும் அப்பா அம்மாவை முதல் அத்தியாயத்திலேயே அப்புறப்படுத்திவிடுவார்கள். செத்துப்போயிருப்பார்கள், பிரிந்திருப்பார்கள், வேலையில் மூழ்கியிருப்பார்கள், இல்லையென்றால் பிள்ளையை எங்கோ தொலைவில் விடுதிக்கு அனுப்பியிருப்பார்கள். எழுதுகிறவர்களுக்குப் பெற்றோர்மேல் பகை ஒன்றும் இல்லை. பக்கத்தில் பெரியவர் இருந்தால் அவர் முடிவெடுத்துவிடுவார், பிள்ளை முடிவெடுக்காது, கதை அங்கேயே படுத்துவிடும். முதல் தடவையாகத் தானே ஒன்றைத் தீர்மானித்து, அதன் விளைவைத் தானே சுமப்பதுதான் இந்த வகையின் உயிர். நீங்கள் ரசிக்கும் அந்த வேகம் இதிலிருந்துதான் வருகிறது. நடந்து முடிந்ததை முப்பது வருடம் கழித்து அசைபோடும் குரல் அதில் இல்லை. அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் என்று கதை சொல்கிறவளுக்கே தெரியாது. உங்களுக்கு அது நினைவு. உங்கள் மகளுக்கு அது நாளைக்கு. அப்படிப்பட்ட கதைக்குள்ளும் அவள் பின்னாலேயே போய், இந்த இடத்தைக் கவனி, இது உனக்குத்தான் என்று தோளைத் தட்டுகிறீர்கள். நாவலாசிரியர் வெளியே அனுப்பிவைத்த அம்மா பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டாள்.

தேர்ந்தெடுக்கும் வயதா அவளுக்கு என்று கேட்பீர்கள். எஸ். இ. ஹின்டன் என்ற அமெரிக்கப் பெண் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியது 15 வயதில். தன்னைச் சுற்றி இருந்த பையன்களும் பெண்களும் வாழ்ந்த வாழ்க்கை, தனக்குக் கிடைத்த புத்தகங்களில் இல்லையே என்ற எரிச்சலில் எழுதினார். 1967-ல் அது அச்சில் வந்தபோது அவருக்கு 18. இன்றைய இளையோர் நாவல் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் கொண்டாடும் வகைக்கு வாசல் திறந்தவள், தொடங்கும்போது உங்கள் மகள் வயதுக்காரி. உங்கள் மகளை நாவல் எழுதச் சொல்லவில்லை. எதைப் படிப்பது என்று தீர்மானிக்க விடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அவள் படிப்பதில் கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் தலையிடுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் முழுக்கப் படித்த பிறகு. பின்னட்டையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நாத்தனார் விஷயம். துப்பறியும் கதையா, தத்துவமா என்பது எனக்கு முக்கியமில்லை. யார் கொலைகாரன் என்று அத்தையும் மருமகளும் போனில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்றால், அந்த அத்தை கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் சண்டை போட முடியாது. அவளைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். பெற்றவளிடம் சொல்ல முடியாததைச் சொல்வதற்குக் குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு பெரியவர் இருப்பது ஒரு பெண் பிள்ளைக்குப் பெரிய காவல். அம்மாவே தோழியாகவும் இருக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோழி பொய் சொன்னால் வேறு தோழியைத் தேடிக்கொள்ளலாம். அம்மாவுக்கு மாற்று இல்லை, அதனால்தான் அம்மாவின் சொல் சுத்தமாக இருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. பரிந்துரைப்பதை நிறுத்துங்கள். ஒரு புத்தகம்கூட வேண்டாம். மேசையில் அவள் கண்ணில் படும்படி "தற்செயலாக" வைப்பதும் வேண்டாம், அந்தத் தந்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த டிராகன் புத்தகத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மகளிடமே கேளுங்கள், வாங்கவும் தயங்காதீர்கள். கேட்கும்போது முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "அன்னிக்கு நான் படிக்கலை, பொய் சொன்னேன்." காரணம் சேர்க்காதீர்கள். வேலை, அசதி, உன் மனசு, எதுவும் வேண்டாம். அவள் "தெரியும்" என்பாள். அல்லது தோளைக் குலுக்கிவிட்டுப் போவாள். இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு உட்கார்ந்து படியுங்கள். அலுவலகத்திலும் படியுங்கள், டிராகன் படத்தோடு. இருபத்தொன்றாம் பக்கத்திலிருந்து இல்லை, முதல் பக்கத்திலிருந்து. அந்த இருபது பக்கமும் உங்களுக்கு நினைவிருக்காது. பிடிக்காமல் போகலாம். மூன்று பாகம் இருந்தால் இன்னும் கஷ்டம்தான். படித்து முடித்ததும் புகழ வேண்டாம், விமர்சிக்கவும் வேண்டாம். அந்த அண்ணன் செய்தது சரியா என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி கேட்டாள். அவளிடம் போய், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.